வளையல் பிஸ்கட்

என் மகளுக்கு எண்ணெய் காய்கிற வாசனை ஆகாமல் போனதால்தான் எங்கள் வீட்டில் பிஸ்கட் சுட ஆரம்பித்தோம். மசக்கை நாலாம் மாதத்தோடு போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்குப் போகவில்லை. எட்டாம் மாதத்திலும் அடுத்த வீட்டில் அப்பளம் பொரித்தால் இங்கே வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். வயிற்றுப் பிள்ளையோடு ஓடாதே என்று கத்திக்கொண்டே நானும் பின்னால் ஓடுவேன்.

அவளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கலைந்திருந்தது. முதல் முறை மூன்றாம் மாதம், அடுத்தது ஐந்தாம் மாதம். இரண்டுமே ஒரே மாதிரிதான் ஆரம்பித்தன. பாத்ரூமிலிருந்து வெளியே வந்தவள், துணியில் சொட்டுப் போலச் சிவப்பாக இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு ஆட்டோ, ஆஸ்பத்திரி, ஸ்கேன், டாக்டரம்மாவின் மௌனம். இந்த முறை குழந்தை எட்டாம் மாதம் வரை தங்கிவிட்டது. தங்கிவிட்டது என்று அந்த நாட்களில் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. யாராவது சொன்னாலும் பேச்சை மாற்றிவிடுவேன்.

ரெஸ்ட்டில் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதால் நாலாம் மாதமே அவளைக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் வருவார். என் கணவர் பஸ் கண்டக்டர், டியூட்டி போனால் மறுநாள்தான் வீடு. ஆகவே பெரும்பாலும் நானும் அவளும்தான். நான் ஆபீசுக்கு நீண்ட விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு முழுநேரமும் பயப்படத் தொடங்கினேன்.

பயம் எனக்குப் பழக்கமான வேலை. அதை வெளியே தெரியாமல் செய்வதில்தான் என் சாமர்த்தியம் எல்லாம் இருந்தது. பாத்ரூமில் இருந்த சிவப்பு வாளியை எடுத்து மாடிப்படிக்கு அடியில் போட்டுவிட்டு நீல வாளி வாங்கி வைத்தேன். அவள் உள்ளே போனால் கதவுக்குப் பக்கத்தில் நின்று துணி மடிப்பேன். அவள் வெளியே வரும்போது முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பேன். பிரசவத் தேதி பௌர்ணமிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்தது. கிரிவலக் கூட்டத்தில் ரோடெல்லாம் அடைத்துவிட்டால் ஆட்டோ எப்படிப் போகும் என்று தினமும் காலண்டர் எதிரில் நின்றேன். நாள்தான் தானாக நகர்ந்துவிடப் போகிறதா.

அந்த இரண்டு முறைகளைப் பற்றி நானும் அவளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசினால் வந்துவிடும் என்று ஒரு நினைப்பு எனக்கு. அவளோ அவள் பாட்டுக்குப் போன் பார்த்துக்கொண்டு, காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, பார்க்கத் தைரியமாகவே இருந்தாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் சம்பந்தியம்மா கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பை நிறைய வேர்க்கடலையோடு வந்தார்கள். வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்கள்.

"ஒம்பதாம் மாசம் பொறந்ததும் வளைகாப்ப வெச்சிடலாம் சம்பந்தி. நல்ல நாள் பாத்துட்டேன்."

"இப்ப எதுக்குங்க அதெல்லாம்? கொழந்த பொறக்கட்டும், சேத்து வெச்சு பெருசா செஞ்சுக்கலாம்" என்றேன்.

"பொறந்தப்புறம் யாருக்கு வளைகாப்பு செய்யறது? ரெண்டு தடவையும் அந்த மாசத்த அவ பாக்கவே இல்ல. இப்ப பாக்கப் போறா. விட்டா அவ மனசு என்னா ஆவும்?"

நாலு பேர் வந்து நாலு கண் படும். அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, போன தடவை இப்படியாச்சே என்று யாராவது ஒருத்தி இழுப்பாள். ஆனால் மகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "செய்யலாம் அத்தை" என்று சொல்லிவிட்டாள். அதற்குமேல் நான் என்ன பேச முடியும்.

வளைகாப்பு என்றால் தட்டு வைக்க வேண்டும். பூ, பழம், வளையல், இனிப்பு எல்லாம் கடையில் வாங்கிவிடலாம். ஒரு தட்டாவது தாய்வீட்டுக் கைப்பட்ட பலகாரமாக இருந்தால்தான் எனக்கு மனசு ஆறும். அதிரசம், முறுக்கு என்று எதை எடுத்தாலும் எண்ணெய்ச் சட்டி. சட்டி வைத்தால் மகள் வாந்தி. அப்போதுதான் அவள் போனில் எதையோ பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, பிஸ்கட் பண்ணலாம். பழம் போட்டு, கலர் கலரா. வட்டமா வெட்டி நடுவுல ஓட்ட போட்டா வளையல் மாதிரி இருக்கும். வளைகாப்புக்கு வளையல் பிஸ்கட்."

"நம்ம வீட்ல ஓவன் ஏதுடி?"

"குக்கர் இருக்குதுல்ல."

எங்கள் வீட்டுப் பழைய குக்கரின் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டு, அடியில் கல் உப்பைக் கொட்டிப் பரப்பி, அதன்மேல் பிஸ்கட் தட்டு உட்கார இட்லி ஸ்டாண்டின் அடிக்காலை வைத்தோம். மாவு தேய்க்கப் பூரிக் கட்டை. வட்டம் வெட்ட எவர்சில்வர் டம்ளர், நடு ஓட்டைக்கு எண்ணெய்ப் பாட்டில் மூடி. மைதா, வெண்ணெய், மிக்ஸியில் அரைத்த சர்க்கரை, கொஞ்சம் சோடா உப்பு. அவ்வளவுதான் தளவாடம்.

பழம் தேர்ந்தெடுப்பதில்தான் பெரிய பஞ்சாயத்து. பைனாப்பிள் போட்டால் வாசனை தூக்கும் என்றாள். அன்னாசியா, வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் அந்தப் பேரைச் சொல்வாளா என்றேன். பப்பாளி என்று தெருவில் வண்டிக்காரர் கூவினாலே ஜன்னலைச் சாத்துகிறவள் நான். மாம்பழம் சூடு என்று ஒரு பயம். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்ன பிறகுதான் மாம்பழத்துக்கு அனுமதி கிடைத்தது. பன்னீர்த் திராட்சை, சாத்துக்குடி இரண்டும் தப்பித்தன. கலர்ப் பொடி கூடவே கூடாது என்று நானே சொல்லிவிட்டேன். மஞ்சளுக்கு மாம்பழம், ஊதாவுக்குத் திராட்சை, பச்சைக்குப் பசலைக் கீரைச் சாறோடு சாத்துக்குடித் தோல்.

"சிவப்பு?" என்றாள்.

"சிவப்பு வேணாம்."

"வளையல்னா சிவப்பு இல்லாமலாம்மா? பீட்ரூட் இருக்குது, கொய்யாப்பழம் கூழ் போட்டா..."

"பீட்ரூட் வாசன வரும். வேணாம்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனுக்குத் திரும்பிக்கொண்டாள்.

வளைகாப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது சும்மா ஒத்திகை பார்த்தேன். முதலில் திராட்சை. வேகவைத்து, வடிகட்டி, அடுப்பில் சுண்டக் காய்ச்சியபோது பார்க்க அவ்வளவு அழகான ஊதா. சோடா கலந்த மாவில் விட்டுப் பிசைந்ததும் அது சாம்பல் நிறமாக மாறி, வெந்து வரும்போது பூசணம் பிடித்த சுவர் போல ஆகிவிட்டது. மகள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரிக்காதே என்று அதற்கும் பயந்தேன்.

அடுத்த கவலை உடைவது. வளையம் போல வெட்டிய மாவு சூட்டோடு எடுத்தால் பட்டென்று இரண்டாகிவிடும். வளைகாப்புக்குச் செய்கிற வளையல் உடைந்தால் அது என்ன சகுனம் என்று யோசித்து நானே மாய்ந்துபோனேன். வெந்துவிட்டதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து பார்ப்பேன். திறக்கத் திறக்க உள்ளே இருந்த சூடு போய்விடும். அடி மட்டும் கருகி மேலே மாவாகவே இருக்கும். "நீ கிட்ட நிக்காம இருந்தாலே அது வெந்துடும்மா" என்றாள் மகள். ஆறவிட்டு எடுத்தால் உடையாது என்பதையும் அவள்தான் வீடியோ பார்த்துச் சொன்னாள்.

வளைகாப்புக்கு முந்தின நாள் காலை, நிஜமான சுற்று. அவள் சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் படுத்திருந்தாள். மாம்பழக் கூழைச் சுண்டவைத்தபோது நிறம் மங்கிப் பழுப்பாகத் தெரிந்தது. தட்டில் வைத்தால் எடுப்பாக இருக்க வேண்டுமே என்று மஞ்சள்தூளை ஒரு சிட்டிகை, கூட இன்னொரு சிட்டிகை போட்டேன். மாவு பளிச்சென்று ஆனது. மங்கலமாகவும் இருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். வெட்டி, அடுக்கி, குக்கரை மூடி, இந்த முறை திறக்கவே கூடாது என்று வைராக்கியமாகக் கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

வாசனை வந்ததும் போய் மூடியைத் திறந்தேன். மஞ்சள் வளையங்களின்மேல் சிவப்புச் சொட்டுகள்.

ஒன்றிரண்டில் அல்ல, எல்லாவற்றிலும். சில கடுகளவு, சில பெரிதாகப் பரவி. மஞ்சள் துணியில் பட்ட மாதிரி. மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கையில் எங்கேயாவது வெட்டுப்பட்டிருக்கிறதா என்று முதலில் விரல்களைப் பார்த்தேன். இல்லை. பிறகு என் புத்தி நேராக அங்கேதான் போனது. நாளைக்கு வளைகாப்பு, இன்றைக்கு இது. வேண்டாம் வேண்டாம் என்று நான் தலையால் அடித்துக்கொண்டேனே, சிவப்பைக் கண்ணிலேயே காட்டாமல் வைத்திருந்தேனே, அது தானாக வந்து அடுப்பில் நிற்கிறதே. என் வாய் அண்ணாமலையாரே அண்ணாமலையாரே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கை தன்பாட்டுக்குப் பழைய பேப்பரை எடுத்து, சுடச்சுட எல்லாவற்றையும் அதில் தள்ளிச் சுருட்டியது. அவள் எழுவதற்குள் கொண்டுபோய்க் காம்பவுண்டுக்கு வெளியே வீசிவிட வேண்டும்.

திரும்பினால் சமையலறை வாசலில் அவள் நிற்கிறாள்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல. கருகிடுச்சு. வேற போடறேன்."

"கருகின வாசனயே வரலயே."

மூன்று வீடு தள்ளிப் பொரிக்கிற அப்பளத்தையும் கண்டுபிடிக்கிற மூக்கு. அதனிடம் பொய் செல்லுமா. கிட்டே வந்து என் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடித்தாள். நான் விடவில்லை. இழுத்ததில் பேப்பர் கிழிந்து வளையங்கள் தரையில் விழுந்து உடைந்தன. அவள் குனியப் போனாள், நான் பதறிப் போய்த் தடுத்து நானே எடுத்துக் கொடுத்தேன். ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். அரை நிமிஷம்தான். பிறகு கேட்டாள்.

"மஞ்சத்தூள் போட்டியா?"

"ரெண்டு சிட்டிக."

"சோடாவ சலிச்சியா?"

"இல்ல."

"ஆரத்தி கரைக்கிறதே நீதானம்மா. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்கும்னு தெரியாதா உனக்கு? சோடாவும் அதே வேலதான் பண்ணும். கட்டியா இருந்த எடம் எல்லாம் செவந்துருக்குது. அவ்ளோதான்."

இந்தத் தெருவில் எந்த வீட்டுக் கல்யாணம், எந்த வீட்டுக் குழந்தை வந்தாலும் ஆரத்தித் தட்டு என் கையில்தான் வரும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவக்க வைத்துச் சுற்றிய கை இது. அந்தச் சிவப்பு மங்கலம், இது அபசகுனமா. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சிவப்பு வாளி எங்கம்மா?"

நான் தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கினேன்.

"நான் உள்ள போனா நீ வெளிய துணி மடிக்கிற. மடிச்சதயே பிரிச்சு மறுபடி மடிக்கிற. உன் மூச்சு சத்தம் உள்ள எனக்குக் கேக்குது."

"நீ பயந்துடக்கூடாதுன்னுதாண்டி."

"எனக்கு பயம் இல்லன்னு யாரு சொன்னது?" அவள் குரல் உயரவில்லை. "ஒவ்வொரு தடவயும் கண்ண மூடிக்கினு உக்காந்துருக்கேன். கீழ பாக்க தைரியம் வரல. பாக்காம எழுந்து வரவும் முடியல. பாத்துட்டு வெளிய வந்தா நீ துணி மடிக்கிற. அத்தை வளையல் பேச்சு பேசறாங்க. அவரு போன்ல கொழந்தைக்கு பேரு சொல்றாரு. எல்லாரும் தைரியமா இருக்கீங்க, எனக்கு மட்டும்தான் புத்தி இப்படி போவுதுன்னு நெனச்சேன்."

நான் அவளைத் தைரியசாலி என்று நினைத்திருந்தேன். அவள் என்னைத் தைரியசாலி என்று நினைத்திருந்தாள். ஒரே கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்துகொண்டு இத்தனை மாதம் இப்படித்தான் ஓட்டியிருக்கிறோம். அவளிடமிருந்து என் பயத்தை மறைத்ததாக நினைத்து நான் அவளைத் தனியாக விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"பயப்படாதன்னு உன்ன சொல்லல. என் எதிர்ல பயப்படும்மா. தனியா பயப்பட முடியல என்னால."

அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம். முதல் குழந்தைக்கும் அடுத்ததற்கும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதோம் என்று நினைக்கிறேன். அழுது முடித்ததும் கையிலிருந்த துண்டைச் சிவப்போடு வாயில் போட்டு மென்றாள்.

"சோடா ஜாஸ்தி. நாக்கு காறுது."

பிறகு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சோடாவை மைதாவோடு சேர்த்து மூன்று முறை சலித்தாள். நான் மஞ்சள்தூள் டப்பாவை எடுத்து உள்ளே வைத்தேன். மாவு தேய்க்கத் தேய்க்க, என்னென்னவற்றுக்கெல்லாம் பயந்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பப்பாளி வண்டி, மாடிப்படி, அவள் குப்புறத் திரும்பிப் படுப்பது, மாப்பிள்ளையின் பைக், பௌர்ணமி. பௌர்ணமிக்கு அவள் சிரித்துவிட்டாள். "ஆம்புலன்ஸ் வந்தா கிரிவலக்காரங்களே வழி விடுவாங்கம்மா." அவளும் சொன்னாள். வயிற்றில் அசைவு கம்மியான நாட்களில் சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு விரலால் தட்டிப் பார்ப்பாளாம். அதைக் கேட்டு எனக்குப் புதிதாக ஒரு பயம் சேர்ந்தது. சேர்ந்ததை அவளிடமே சொன்னேன். கடைசியில் கொய்யாப்பழக் கூழும் பீட்ரூட்டும் போட்டுச் சிவப்பும் செய்தோம். பீட்ரூட் வாசனை லேசாக வரத்தான் செய்தது.

மறுநாள் தட்டில் மஞ்சளும் பச்சையும் சிவப்புமாக அடுக்கி வைத்தோம். ஊதாவை மட்டும் கைவிட்டுவிட்டோம். தெருப் பிள்ளைகள் விரலில் மாட்டிக்கொண்டு ஓரத்திலிருந்து கடித்தார்கள். சம்பந்தியம்மா ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்து, "இத எப்டி உடையாம எடுத்தீங்க சம்பந்தி?" என்றார்கள். மகளின் இரண்டு கையும் முழங்கை வரை கண்ணாடி வளையல். நான் பயந்தபடியே ஒருத்தி, "இந்த தடவயாவது நல்லபடியா..." என்று இழுத்தாள். மகள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அந்தப் பேச்சு எப்படியோ எங்கள் இருவரையும் தாண்டிப் போய்விட்டது.

அன்றிலிருந்து நான் துணி மடிப்பதை விட்டுவிட்டேன். கதவுக்கு நேராக நாற்காலி போட்டு வெளிப்படையாகவே உட்கார்ந்தேன். அவள் வெளியே வரும்போது, "ஒண்ணுமில்லம்மா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவாள். நான் "சரி" என்பேன். வளையல் சத்தத்தோடு அந்த வார்த்தை வரும். வீட்டில் மற்றவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. என் கணவர் ஒரு நாள், "என்னா ரெண்டு பேரும் ட்யூட்டி மாத்திக்கிற மாதிரி பேசிக்கிறீங்க?" என்று கேட்டார்.

ஒரு நாள் விடிந்ததும் உள்ளே போனவள் வெளியே வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழுந்தேன்.

"என்னடி?"

"தண்ணி போவுதும்மா. ரத்தம் இல்ல, நல்லா பாத்துட்டேன். வெறும் தண்ணி."

ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு பயமா இருக்குதுடி" என்றேன். "எனக்குந்தான்" என்றாள். ஆஸ்பத்திரி வாசல் வரை மாறி மாறி இதையே சொல்லிக்கொண்டு போனோம். ஆட்டோக்காரர்தான் பாவம், அவரும் பயந்துவிட்டார்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. ஓங்கி அழுதது. இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். இனி பயம் தீர்ந்தது என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த மதியத்தில் குழந்தை உள்ளறையில் தூங்குகிறது. மகள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். சோற்றுக் கையோடு இங்கே திரும்பி, "அம்மா, ரொம்ப நேரமா சத்தமே இல்ல. மூச்சு வருதான்னு போய் பாரேன்" என்கிறாள். நான் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதைச் சொல்லிவிட்டு, எழுந்து போய் இன்னொரு தரம் பார்த்தேன்.